ராஜினாமாக் கடிதத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 46. பர்கூருக்குப் பக்கத்தில் ஒரு கிரானைட் கம்பெனியில் 14 வருடமாக வேலை. பெரும்பாலும் ஸ்லாப் ஓரம் வெட்டுவதும் கை மிஷினில் தேய்ப்பதும்தான். சம்பளம் 18,500. அதில் பேசிக், டி.ஏ. சேர்த்து 13,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் பிடிக்கிறார்கள். இரண்டு வருடமாக இருமல் விடவில்லை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் டாக்டர் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்), தூசி வேலையை விட்டுவிடு" என்றார். இன்ஹேலருக்கு மாதம் 1,400 ஆகிறது. மிச்சம் பிடிக்க ஒருநாள் விட்டு ஒருநாள் இழுக்கிறேன். முன்பு பீடி குடித்தேன், விட்டு ஆறு வருடம் ஆகிறது. சூப்பர்வைசர், "ராஜினாமா எழுதிக் கொடு, செட்டில்மென்ட் மொத்தமாக வாங்கிக்கொள், உடம்பு தேறினால் திரும்பக் கூப்பிடுகிறோம்" என்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். மகள் நர்சிங் இரண்டாம் வருடம், மகன் பத்தாவது. மனைவி பெயரில் குழுக் கடன், அதுபோக நகைக் கடன். வேலையை விட்டால் குடும்பம் போகும், விடாவிட்டால் நான் போவேன் போலிருக்கிறது. மகளிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது "மாதக் கடைசிக்குள்" என்ற சொல்தான். அதனால் அதற்கே முதல் பதில். எழுதிக் கொடுக்காதீர்கள். தூசியை விட்டு வெளியே வந்தே ஆக வேண்டும், அதில் உங்கள் டாக்டர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் தூசியை விட்டு வருவது வேறு, கம்பெனியை விட்டு வருவது வேறு. முதலாவதை இந்த வாரமே செய்யுங்கள். இரண்டாவதற்கு முன்னால் சில காகிதங்கள் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. நெஞ்சக நோய்ப் பிரிவில் மருத்துவ சமூகப் பணியாளராக இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் அறையிலிருந்து சீட்டோடு வெளியே வருகிறவர், "அப்போ சோத்துக்கு என்ன வழி?" என்று கேட்பது என் மேசைக்கு வந்துதான். கல் வெட்டும் வேலையிலிருந்து வந்தவர்களில் நிறையப் பேர் ராஜினாமா கொடுத்த பிறகுதான் வந்தார்கள். அந்தக் கடிதத்தில் கம்பெனியே அடித்துக் கொடுத்த ஒரு வரி இருக்கும்: "என் சொந்தக் காரணங்களுக்காக." அந்த வரியில் கையெழுத்துப் போட்டபின், உடம்பு கெட்டது வேலையால்தான் என்று நிரூபிப்பது மலை ஏறுவதுபோல ஆகிவிடும். உங்களுக்கோ நாலு படியே சிரமம்.

சரி, கம்பெனியில் இருந்துகொண்டே தூசியை விட்டு வெளியே வருவது எப்படி? மாதம் 139 ரூபாய் உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் போகிறது. அதாவது 0.75 சதவீதம். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறது. இத்தனை வருடம் கட்டிவிட்டு அதை ஒருமுறையும் பயன்படுத்தவில்லை என்று நினைக்கிறேன், கடிதத்தில் தனியார் டாக்டர் மட்டும்தான் வருகிறார். உங்கள் இ.எஸ்.ஐ. அடையாளத் தாளில் எந்த மருந்தகம் என்று போட்டிருக்கும். தனியார் டாக்டரின் சீட்டு, ஊதிப் பார்த்த ரிப்போர்ட், எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அங்கே போங்கள். அவர்கள் ஓய்வு தேவை என்று சான்று கொடுத்தால், முதல் 2 நாள் போக, சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். உங்கள் கணக்கில் மாதம் சுமார் 12,950. ஒரு வருடத்தில் 91 நாள் வரை இது உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 14 வருடக்காரருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அப்படிப் பணம் பெறும் நாட்களில் ஆளை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ஆக, மூன்று மாத மூச்சு விடும் நேரம் கிடைக்கிறது. அந்த மூன்று மாதத்தில் செய்ய வேண்டிய வேலைதான் முக்கியம்.

அது, உங்கள் நோயின் பெயரைச் சரியாக எழுதி வாங்குவது.

"சி.ஓ.பி.டி." என்று எழுதினால் பீடி குடித்த யாருக்கும் வருகிற நோய். "சிலிகோசிஸ்" என்று எழுதினால் தொழில்நோய், அதாவது செய்த வேலையால் வந்த நோய். இருமல் ஒன்றுதான், இளைப்பு ஒன்றுதான், இன்ஹேலரும் பெரும்பாலும் ஒன்றுதான். பணம் வரும் வழி மட்டும் முற்றிலும் வேறு. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலும், 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்திலும், அவற்றுக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொழில்நோய்ப் பட்டியல் இருக்கிறது. கல் தூசியால் வரும் சிலிகோசிஸ் மூன்றிலும் உண்டு.

உங்களுக்கு சிலிகோசிஸ்தான் என்று நான் சொல்லவில்லை. பீடியால் வந்ததாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஆனால் 14 வருடம் கிரானைட் ஓரம் தேய்த்த ஒருவருக்கு அந்தக் கேள்வியையே கேட்காமல் சீட்டு எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கு உறுத்துகிறது. ஊதிப் பார்க்கும் சோதனை காற்றுக்குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று மட்டும்தான் காட்டும். ஏன் சுருங்கியது என்று காட்டாது. அதற்கு நல்ல எக்ஸ்ரே வேண்டும், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன். அதைவிட முக்கியம், நீங்கள் செய்த வேலையின் கதை. அதை டாக்டரே கேட்பார் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே சொல்லுங்கள். எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், தண்ணீர் விட்டு வெட்டினீர்களா, உலர வெட்டினீர்களா. பெரிய மிஷினில் தண்ணீர் ஓடும், ஆனால் கை மிஷினில் ஓரம் தேய்க்கும்போது பல ஷெட்டில் தண்ணீர் இருக்காது. எந்தக் கல் என்பதும் சொல்ல வேண்டிய விஷயம்தான். கறுப்புக் கிரானைட்டில் குவார்ட்ஸ் என்ற கனிமம் குறைவு. நம் மாவட்டத்துப் பாரடைசோ மாதிரி வண்ணக் கற்களில் அதிகம். அந்தக் குவார்ட்ஸ்தான் சிலிகா, சிலிகோசிஸுக்குக் காரணமான பொருள். சட்டையில் படிகிற வெள்ளைத் தூளைப் பார்த்துப் பயப்படுவோம், அது பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். கண்ணுக்கே தெரியாத பொடிதான் நுரையீரலின் அடிவரை போய் உட்காரும். முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது.

இதையெல்லாம் சொல்லி, "நோயாளி 14 வருடமாக கிரானைட் வெட்டும் தொழிலாளி" என்ற வரி கேஸ் தாளில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். ஏறவில்லை என்றால் பணிவாகக் கேளுங்கள். ஐந்து நிமிட சங்கடம்தான். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் நெஞ்சக நோய் மருத்துவர்கள் உண்டு. இ.எஸ்.ஐ. வழியில் போனால், தொழில்நோய்க்கென்றே சென்னை கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். சிலிகா தூசி படிந்த நுரையீரலில் காசநோய் சுலபமாகக் குடியேறும். இரண்டு வருட இருமலை அந்தச் சோதனை இல்லாமல் விட்டுவைப்பது வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கும் நல்லதில்லை.

தொழில்நோய் என்று உறுதியானால் என்ன மாறும்? இதுதான் சூப்பர்வைசர் உங்களிடம் சொல்லாதது. ஓய்வில் இருக்கும் நாட்களுக்கு 70 சதவீதத்துக்குப் பதில் 90 சதவீதம் வரும், மாதம் சுமார் 16,650. அதன்பின் மருத்துவக் குழு உங்களைப் பார்த்து, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போய்விட்டது என்று முடிவு செய்யும். பேச்சுக்கு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 16,650-இல் 30 சதவீதம், அதாவது ஏறக்குறைய 5,000 ரூபாய், மாதாமாதம் ஆயுள் முழுக்க. வேறு வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினாலும் அது நிற்காது. நிரந்தர ஊனம் என்ற காரணத்தால் வேலையை விட வேண்டி வந்தால், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டி உங்களுக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. சிகிச்சையைத் தொடரலாம். "சொந்தக் காரணம்" என்று எழுதிவிட்டுப் போகிறவருக்கு இந்தக் கதவு அவ்வளவு சுலபமாகத் திறக்காது.

இது சீக்கிரம் நடக்கிற காரியம் இல்லை. மாதக்கணக்கில் அலைய வேண்டி வரும், "பீடி குடித்தவர்தானே" என்று ஒருவர் கேட்பார், குழு குறைத்துப் போடலாம். மேல்முறையீடு உண்டு. பீடியை மறைக்காதீர்கள். மறைத்து மாட்டிக்கொண்டால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். பீடி குடித்தவருக்கும் சிலிகோசிஸ் வரும், எக்ஸ்ரேயில் அதன் தடயம் தனியாகத் தெரியும்.

சரி, சிலிகோசிஸ் இல்லை, வெறும் சி.ஓ.பி.டி.தான் என்று முடிவானால்? அப்போது 91 நாள் மட்டும். இ.எஸ்.ஐ.யில் நீண்டநாள் நோய்களுக்கு 80 சதவீதம் வீதம் இரண்டு வருடம் வரை தரும் ஏற்பாடு ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் காசநோய், மூச்சுக்குழாய் விரிவு நோய், நுரையீரல் திசு நோய் எல்லாம் இருக்கின்றன. சி.ஓ.பி.டி. இதயத்தையும் பாதித்திருந்தால்தான் அதில் வரும். இன்னொன்று, யாராவது தரகர் "மாற்றுத்திறனாளி அட்டை எடுத்துத் தருகிறேன்" என்று வந்தால் பணம் கொடுத்துவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டு சட்டத்தில் உள்ள 21 வகை ஊனங்களில் நுரையீரல் நோய் இல்லை. எனக்குத் தெரிந்து நியாயமே இல்லாத விடுபடல் அது, ஆனால் இன்றைய நிலை அதுதான்.

இப்போது அந்த "செட்டில்மென்ட்" கணக்கு. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்பது 13,000-ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 14 வருடத்தால் பெருக்குவது. 1,05,000 ரூபாய் வருகிறது. இது கம்பெனி போடும் பிச்சை இல்லை. ராஜினாமா செய்தாலும், உடம்பு முடியாமல் நின்றாலும், ஓய்வு பெற்றாலும் சேர வேண்டிய பணம். இன்றைக்கு வாங்காவிட்டால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பி.எஃப். பணத்தை மொத்தமாக உருவாதீர்கள். நோய்ச் செலவுக்கு முன்பணம் எடுக்க அதிலேயே வழி இருக்கிறது. பத்து வருடம் தாண்டிவிட்டதால் 58 வயதில் உங்களுக்குப் பென்ஷன் உண்டு, கொஞ்சம் குறைத்துக்கொண்டு 50 வயதிலும் வாங்கலாம். நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய முடியாத நிலை வந்தால் வயது பார்க்காமல் வாங்கலாம். உங்கள் பி.எஃப். கணக்குக்கான யூ.ஏ.என். எண்ணில் ஆதார், வங்கிக் கணக்கு, வாரிசு எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். பெயரில் ஒரு எழுத்துப் பிழையால் எட்டு மாதம் அலைந்த குடும்பம் எனக்குத் தெரியும்.

சூப்பர்வைசரிடம் என்ன சொல்வது? சண்டை போட வேண்டாம். "இ.எஸ்.ஐ.யில் காட்டிக்கொண்டிருக்கிறேன் சார், டாக்டர் சொல்வதைப் பார்த்துவிட்டு எழுதித் தருகிறேன்" என்றால் போதும். கூடவே நிர்வாகத்துக்கு இரண்டு வரிக் கடிதம் கொடுங்கள். தூசி இல்லாத வேலைக்கு மாற்றித் தரும்படி டாக்டர் சீட்டின் நகலோடு கேளுங்கள். ஒரு நகலில் "பெறப்பட்டது" என்று சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் பதிவுத் தபால். மாற்றித் தருவார்களா என்றால், எல்லா இடத்திலும் தருவதில்லை. தந்தாலும் அதே ஷெட்டுக்குள் ஸ்லாப் அளக்கிற வேலை என்றால் வேண்டாம், மிஷினைப் பிடிக்காவிட்டாலும் மூச்சில் போவது அதே காற்றுதான். குவாரிப் பாதையில் இருக்கும் எடைமேடையும் அப்படித்தான். லாரி போகப் போக புழுதி. அலுவலகக் கட்டடத்தில் டெஸ்பாட்ச் கணக்கு, ஷோரூமில் கல் காட்டும் வேலை என்றால் சரி. பதினான்கு வருடத்தில் கல்லின் விரிசலும் நிற வேறுபாடும் தொட்டாலே தெரிகிற கை உங்களுக்கு வந்திருக்கும். ஓசூர், பெங்களூரு பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்குக் கல் தேர்ந்து கொடுக்கிற ஆள் தேவைப்படுகிறது. மூட்டை தூக்கும் வேலையைவிட அது உங்கள் மூச்சுக்கு ஏற்றது.

கிராஜுவிட்டி வந்ததும் சுற்றியிருக்கிறவர்கள் பெட்டிக்கடை வை, கோழிப் பண்ணை போடு என்பார்கள். கோழிப் பண்ணையை மறந்துவிடுங்கள். அந்த உமித் தூசியும் எச்ச நெடியும் உங்கள் நெஞ்சுக்குக் கிரானைட்டுக்கு அடுத்த எதிரி. பெட்டிக்கடை பற்றி எனக்குத் தனிப்பட்ட கசப்பு உண்டு. ஒரு லட்சத்தில் திறந்து, ஊர்க்காரர்கள் கடன் சொல்லிச் சொல்லி, ஒன்றரை வருடத்தில் மூடிய மூன்று கடைகளின் கதையை என் மேசையில் கேட்டிருக்கிறேன். அந்தப் பணத்தை முதல் ஆறு மாதமாவது தொடாமல் வங்கியில் வையுங்கள்.

கூடப் பிறந்த அக்காபோல உரிமையோடு ஒரு விஷயத்தில் உங்களைத் திட்ட வேண்டும். இன்ஹேலரை ஒருநாள் விட்டு ஒருநாள் இழுப்பது சேமிப்பே இல்லை. டாக்டர் தினமும் என்று எழுதியதைத் தினமும் எடுத்தால்தான் வேலை செய்யும். ஒரு மார்கழிப் பனியில் மூச்சு முட்டித் தனியார் ஐ.சி.யூ.வில் இரண்டு நாள் படுத்தால், ஒரு வருட இன்ஹேலர் காசு போய்விடும். 1,400-ஐக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கேளுங்கள், அங்கே மருந்துக்குக் காசில்லை. வெளியில் வாங்குவதாக இருந்தால், ஸ்பிரே இன்ஹேலருக்குப் பதில் கேப்சூல் போட்டு இழுக்கும் கருவி பெரும்பாலும் மலிவு. அது உங்களுக்கு ஒத்துவருமா என்று டாக்டரைக் கேளுங்கள். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் அதே மருந்து குறைந்த விலைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் விறகடுப்பு இருந்தால் நீங்கள் உள்ளே இருக்கும்போது பற்ற வைக்க வேண்டாம்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். இப்போது உங்கள் சம்பளமே 2,22,000, அதனால் கிடைக்காது. நாளை வருமானம் குறைந்தால் வருமானச் சான்று வாங்கி விண்ணப்பிக்கலாம். அது பெரும்பாலும் படுத்துச் சிகிச்சை பெறுவதற்குத்தான், மாதாமாத இன்ஹேலருக்கு இல்லை.

கடன். 12,950 வருகிற மூன்று மாதத்துக்கு வீட்டுக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்து எழுதுங்கள். குழுக் கடன் தவணை தவறப் போகிறது என்றால், தவறுவதற்கு முன்பே போய்ச் சொல்வதுதான் நல்லது. தவறிய பிறகு சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். அது சிறுகடன் நிறுவனத்தின் கடனாக இருந்தால், காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நகைக் கடனுக்கு வட்டியாவது கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். இதையெல்லாம் அடைக்க மீட்டர் வட்டிக்கு மட்டும் போகாதீர்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003இலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, ஆனாலும் சட்டம் வருவதற்குள் வட்டிக்காரர் வாசலுக்கு வந்துவிடுவார். மகள் படிப்புக்கு இதுவரை கைக்காசு கட்டியிருந்தால், மிச்ச வருடங்களுக்குக் கல்விக் கடன் கேட்கலாம். 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்க மாட்டார்கள், படிப்பு முடிந்து கொஞ்ச காலம் கழித்துத்தான் தவணை தொடங்கும். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் வருகிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் ஷெட்டில் இ.எஸ்.ஐ. இல்லாமல் தினக்கூலிக்கு வரும் பையன்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. தொழில்நோய் வந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் இழப்பீடு கேட்டு மனுப் போட வேண்டும். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு, துண்டைக் கழற்றிவிட்டு நல்ல என்95 முகக்கவசம் போடச் சொல்லுங்கள்.

மகளிடம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிற பெண்ணுக்கு அப்பாவின் இருமல் இன்னும் காதில் விழவில்லை என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த விடுமுறைக்கு வரும்போது அவள் முன்னால் இன்ஹேலரை இழுத்துக் காட்டுங்கள். சரியாக இழுக்காவிட்டால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும், அதை யாரும் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அப்புறம் பைல் ஒன்று போட்டு, சம்பளச் சீட்டு, வேலை நியமனக் கடிதம், கம்பெனி எப்போதாவது எடுத்த எக்ஸ்ரே, எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் அடுக்கித் தரச் சொல்லுங்கள். கேஸ் தாள் அடுக்குவது அவள் படிக்கிற படிப்பிலேயே இருக்கிறது.